பாறைமேல் ஓர் ஊர்: ஒர்வியேத்தோவில் ஐந்து நாள்

முதல் நாள், செவ்வாய்

ரோமிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வடக்கே வந்திருப்போம். பாலியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ரயில் திரும்பியதும், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, "அங்க பாரு" என்றாள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் தேன் நிறத்தில் ஒரு பாறை. நாலு பக்கமும் செங்குத்து. மேலே தட்டையாக இருக்கிற இடம் முழுக்க, விளிம்பு வரைக்கும் வீடுகள். வீடுகளுக்கெல்லாம் மேலே, நிலைக்கு வந்த தேர் மாதிரி ஒரு பேராலயம்.

இத்தாலியின் உம்பிரியா மாநிலத்தில் இருக்கிறது இந்த ஒர்வியேத்தோ. ஆலயத்துக்காக வருகிறவர்கள்தான் அதிகம். நான் பல வருடமாக இங்கே வர ஆசைப்பட்டது ஒரு கிணற்றுக்காக. அதை நாளை எழுதுகிறேன்.

ரயில் நிலையம் கீழே, ஊர் மேலே. நிலையத்துக்கு எதிரிலேயே மேலே போகும் விஞ்ச் ரயில். 1888இல் அடோல்ஃபோ கோட்சா என்ற உள்ளூர்க்காரர் வடிவமைத்தபோது, அது தண்ணீரில் ஓடியிருக்கிறது. உச்சியில் நிற்கும் பெட்டியின் தொட்டியில் நீரை நிரப்புவார்கள். அந்தக் கனத்தில் அது கீழே இறங்கும். வடத்தின் மறுமுனையில் கட்டிய பெட்டி மேலே ஏறும். 1970இல் நிறுத்திவிட்டு, 1990இல் மின்சாரத்தில் மறுபடி ஓட விட்டிருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றின் அடியில் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து, சில நிமிடத்தில் உச்சிக்கு வந்துவிட்டோம்.

பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேராகப் பேராலயம். சாயங்கால வெயில் முகப்பில் நேராக விழும் நேரம். தங்கப் பின்னணியில் மொசைக் சித்திரங்கள், நடுவில் சக்கரம் போல ரோஜா ஜன்னல், ஊசிக் கோபுரங்கள். பக்கச் சுவர்களில் கறுப்பு எரிமலைக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறிப் பட்டை போட்டிருக்கின்றன. 1290இல் அடிக்கல் நாட்டிய கட்டடம். முடிப்பதற்குள் பல தலைமுறை ஆகியிருக்கிறது.

ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது தங்கம் அல்ல. கண் மட்டத்திலிருந்து மேலே போகும் நாலு அகலமான தூண்கள். சியன்னாவிலிருந்து வந்து 1310இல் தலைமைச் சிற்பியாகப் பொறுப்பேற்ற லொரென்சோ மைத்தானியும் அவருடைய ஆட்களும் செதுக்கியவை. இடது ஓரத் தூணில் உலகப் படைப்பு, வலது ஓரத்தில் இறுதித் தீர்ப்பு. இந்த இரண்டிலும் உள்ள ஒவ்வொரு காட்சியையும் திராட்சைக்கொடியும் ஐவிக்கொடியும் வளைத்துப் பிரித்துக் காட்டுகின்றன. தூங்கும் ஆதாமின் விலாவைக் கடவுள் குனிந்து திறக்கிறார். பக்கத்துக் காட்சியில் ஏவாள் எழுகிறாள். ஆதாமின் முகத்தில் அப்படி ஒரு அசதி, பகலெல்லாம் வயலில் வேலை செய்தவன் மாதிரி. அக்கா அந்த இடத்திலேயே கால் மணி நேரம் நின்றாள். வலது ஓரத்தின் அடியில் நரகம். கயிற்றில் கட்டி இழுக்கப்படுகிறவர்களின் திறந்த வாய்களைப் பார்த்துவிட்டு, "இதை ராத்திரி பார்த்திருக்கக் கூடாது" என்று சொல்லிக் கிளம்பினாள்.

சாப்பாடு உம்பிரிகெல்லி. கையால் உருட்டிய தடித்த நூல் போன்ற பாஸ்தா, முட்டை சேர்க்காமல் மாவும் தண்ணீரும் மட்டும். தக்காளி, பூண்டு, மிளகாய் போட்டுக் கொடுத்தார்கள். நல்ல காரம்.

இரண்டாம் நாள், புதன்

காலையில் கூட்டம் வரும் முன்பே பேராலயத்துக்குள் போய், வலது பக்கத்தில் இருக்கும் சான் பிரித்சியோ சிற்றாலயத்தில் உட்கார்ந்துவிட்டோம். 1447இல் ஃப்ரா ஆஞ்செலிகோ என்ற துறவி ஓவியர் இதன் கூரையில் வேலையைத் தொடங்கிச் சிறிது வரைந்துவிட்டுப் போனார். அதன்பிறகு ஐம்பது வருடம் பாதியிலேயே கிடந்தது. 1499இல் லூகா சிஞோரெல்லியிடம் கொடுத்தார்கள். 1504இல் அவர் முடித்தார். சுவர் முழுக்க உலக முடிவு.

ஒரு சுவரில் அந்திக்கிறிஸ்து, அதாவது உலக முடிவுக்கு முன் கிறிஸ்து வேடத்தில் வருவான் என்று சொல்லப்படும் பொய்யன், பேசுகிறான். முகம் இயேசுவைப் போலவே இருக்கிறது. பின்னால் சாத்தான் ஒட்டி நின்று காதில் சொல்லிக் கொடுக்கிறான். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அங்கியின் இடுக்கில் தெரிகிற கை யாருடையது என்றே குழம்புகிறது. சாத்தானுடைய கைதான் அவனுடைய கையாக வேலை செய்கிறது. பொய்யை இவ்வளவு துல்லியமாக ஒரு சித்திரத்தில் நான் பார்த்ததில்லை. அதே காட்சியின் இடது கோடியில், கறுப்பு உடையில் சிஞோரெல்லி தன்னையே வரைந்து வைத்திருக்கிறார். பக்கத்தில், தனக்கு முன்னால் தொடங்கிவைத்த ஃப்ரா ஆஞ்செலிகோவையும் நிற்க வைத்திருக்கிறார். பாதியில் நின்ற வேலையை முடித்தவர் தொடங்கியவருக்குக் கொடுத்த மரியாதை. அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

எதிர்ச்சுவரில் இறந்தவர்கள் எழுகிறார்கள். வெள்ளைத் தரையைப் பிளந்துகொண்டு, கையூன்றி, குளத்திலிருந்து கரையேறுகிற மாதிரி. சிலருக்குச் சதை வந்துவிட்டது. சிலர் இன்னும் எலும்புக்கூடாகவே நின்று சிரிக்கிறார்கள். மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் ஆலயத்தில் இறுதித் தீர்ப்பை வரைவதற்கு முப்பது வருடம் முந்தியது இது.

பேராலயத்தின் மறுபக்கச் சிற்றாலயத்தில் ஒரு துணியைப் பாதுகாக்கிறார்கள். 1263இல் பக்கத்து ஊரான போல்சேனாவில் திருப்பலி நடந்தபோது, அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்து பீடத்துணியில் பட்டதாக நம்பிக்கை. அடுத்த வருடம், 1264இல், நான்காம் அர்பன் என்ற போப் இந்த ஊரிலிருந்துதான் கிறிஸ்துவின் திருவுடல் விழாவைத் திருச்சபை முழுமைக்கும் அறிவித்தார். இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அப்போது இங்கே இருந்தார். விழாவுக்கான பாடல்களை அவரே எழுதினார் என்பது மரபு. நற்கருணை ஆசீரின்போது நம் ஊர்க் கோயில்களில் முழந்தாளிட்டுப் பாடுகிற பாட்டு, அந்த லத்தீன் வரிகளின் தமிழ் வடிவம்தான். அக்காவின் மாமியார் வீடு கத்தோலிக்கக் குடும்பம். அவள் அங்கேயே மெதுவாக அதை முணுமுணுத்தாள்.

சரி, கிணறு.

1527 மே மாதம் ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் படை ரோமைச் சூறையாடியது. அப்போது போப்பாக இருந்த ஏழாம் கிளமெண்ட் பல மாதம் ரோமிலேயே கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்து, டிசம்பரில் மாறுவேடத்தில் தப்பி இந்தப் பாறைக்கு வந்து சேர்ந்தார். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி தன் கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லித் தூது அனுப்பியதும் இந்த ஊருக்குத்தான். செங்குத்துப் பாறை எதிரியை ஏறவிடாது. ஆனால் முற்றுகை நீண்டால் மேலே இருக்கிறவர்கள் தண்ணீருக்கு என்ன செய்வார்கள்? அந்தக் கவலையில் அந்தோனியோ தா சங்கால்லோ என்ற கட்டடக் கலைஞரிடம் கிணறு வெட்டச் சொன்னார் போப்.

53 மீட்டர் ஆழம், 13 மீட்டர் அகலம். நடுவில் கிணற்றுக் குழி. அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்று பின்னிய இரண்டு சுழல் படிக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீர் சுமக்கும் கழுதைகள் ஒரு வாசலில் நுழைந்து, ஒரு படிக்கட்டில் இறங்கி, அடியில் சிறு பாலத்தைக் கடந்து, மற்றதில் ஏறி எதிர் வாசலில் வெளியே வந்துவிடும். இறங்குகிற கழுதையும் ஏறுகிற கழுதையும் நேருக்கு நேர் சந்திக்கவே முடியாது. இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். உள்ளே காலை வைத்த பிறகுதான் புரிந்தது.

அக்காவுக்கு முழங்கால் வலி. வேண்டாம் என்றுதான் சொன்னேன். "கழுதைக்காகக் கட்டின படி, என்னை ஒண்ணும் பண்ணாது" என்று இறங்கத் தொடங்கிவிட்டாள். அவள் சொன்னது சரி. படிகள் அகலம், உயரம் மிகக் குறைவு. படி இறங்குகிற உணர்வே இல்லை, சரிவில் நடக்கிற மாதிரி இருந்தது. குழியைச் சுற்றி 70 ஜன்னல்கள். மேலே இருக்கும் வானம்தான் விளக்கு. ஒவ்வொரு ஜன்னலிலும் வெளிச்சம் கொஞ்சம் குறைகிறது, குளிர் கொஞ்சம் கூடுகிறது. எதிர் ஜன்னலில் ஏறிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். இரண்டு சுற்று கழித்து இன்னும் உயரத்தில் மறுபடி தெரிந்தாள்.

மேல்பகுதி பாறையிலேயே வெட்டியது. கீழே போகப் போகச் செங்கல் சுவர். ஏனென்று நாளைக்குப் பாறையின் அடிவாரத்தைச் சுற்றும்போது பார்க்கப் போகிறோம். அடியில் தெளிந்த தண்ணீர். பாலத்தில் நின்று நிமிர்ந்தால் வானம் காசு அளவுக்கு இருக்கிறது. நான் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை.

வாசலில் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள்: காவலுக்கு இயற்கை தர மறுத்ததை மனித முயற்சி சேர்த்துக் கொடுத்தது. வேலை முடிந்தது 1537இல். கிளமெண்ட் 1534லேயே இறந்துவிட்டார். தாகத்துக்குப் பயந்து இதைக் கேட்டவர் முடிந்த கிணற்றைப் பார்க்கவே இல்லை.

சான் பத்ரித்சியோ கிணறு என்று பெயர். அயர்லாந்தில் புனித பேட்ரிக் பெயரால் ஒரு குகை உண்டு. அதன் வழியே, இறந்தவர்களின் ஆன்மா பாவம் தீர வேதனைப்படும் இடமான உத்தரிக்கும் தலத்துக்குப் போகலாம் என்று நம்பியிருக்கிறார்கள். அந்தக் குகையின் பெயர் இந்த ஆழத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள், வியாழன்

இன்று முழுக்கப் பாறைக்குள்ளும் அடியிலும்.

இந்த ஊர் நிற்கிற கல் டூஃபோ. மூன்று லட்சம் வருடத்துக்கும் முன்னால் போல்சேனா பக்கத்து எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து இறுகியது. வெட்ட எளிது, வெட்டிய பிறகு நிற்கும். அதனால் மூவாயிரம் வருடமாக ஆளாளுக்கு வெட்டியிருக்கிறார்கள். ஊரின் அடியில் 1200க்கும் மேற்பட்ட குகைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை தனியார் வீடுகளின் நிலவறைகள். வழிகாட்டியோடு போனால் சிலவற்றைப் பார்க்கலாம்.

ஒரு குகையில் எண்ணெய்ச் செக்கு. இன்னொன்றில் சுவர் முழுக்கச் சதுரச் சதுரமாகச் சிறு மாடங்கள், நூற்றுக்கணக்கில். புறாக்கூடு. பாறை முகத்தில் ஒரு ஜன்னல் மட்டும் திறந்து வைத்தால், புறா வெளியே பறந்து தானே இரை தேடி வரும். மனிதர் தீனி போட வேண்டியதில்லை. முற்றுகைக் காலத்திலும் இறைச்சி கிடைக்கும். இன்றைக்கும் ஒர்வியேத்தோவின் விருந்துச் சாப்பாட்டில் புறாக்கறிக்கு இடம் உண்டு.

என்னை உலுக்கியது வேறொன்று. எத்ருஸ்கர் காலத்துக் கிணறு. ரோமர் தலையெடுக்கும் முன்பு இந்தப் பகுதியில் வாழ்ந்தவர்கள் எத்ருஸ்கர்கள். ஓர் ஆள் நின்றால் தோள் இடிக்கும் அளவு குறுகலான செவ்வகக் குழி, டார்ச் வெளிச்சம் எட்டாத ஆழத்துக்குப் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களில் கால் வைத்து ஏறி இறங்குவதற்கான பொளிகள், இருபத்தைந்து நூற்றாண்டு முன்பு யாரோ உளியால் கொத்தியவை. எங்கள் தாத்தா கிணறு வெட்டியவர். இரண்டு பக்கமும் காலை அகட்டி ஊன்றி அவர் ஏறி வருவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வழிகாட்டி அடுத்த குகைக்கு நகர்ந்த பிறகும் நாங்கள் இருவரும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மதியத்துக்கு மேல் வடக்குச் சரிவில் இறங்கினோம். குரோச்சிஃபிஸ்ஸோ தெல் டூஃபோ என்ற இடத்தில் எத்ருஸ்கர்களின் சுடுகாட்டு ஊர். ஊர் என்றுதான் சொல்ல வேண்டும். நேர்த்தெரு, குறுக்குத்தெரு, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கல்லறை வீடுகள். கி.மு. 6ஆம் நூற்றாண்டு. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. உள்ளே கல் மேடைகள். ஒவ்வொரு வாசலின் நிலைக்கல்லிலும் வலமிருந்து இடமாகப் பெயர் வெட்டியிருக்கிறது. 'மி' என்று தொடங்குகிறது வரி. நான் என்று அர்த்தம். நான் இன்னாருடையது என்று கல்லறையே பேசுகிறது. அவேலே கட்டகினா என்று ஒரு பெயர். அந்தக் குடும்பப் பெயர் கெல்ட் மொழியிலிருந்து வந்தது என்கிறார்கள் அறிஞர்கள். எங்கிருந்தோ வந்து குடியேறியவருக்கும் அதே தெருவில் அதே அளவு வீடு.

அவர்களுடைய ஊருக்கு வெல்ஸ்னா என்று பெயர். கி.மு. 264இல் ரோமர் அதை அழித்து, மிஞ்சிய மக்களைப் போல்சேனா ஏரிக்கரைக்குக் குடிபெயர்த்தார்கள். இரண்டாயிரம் சிலைகளுக்காகத்தான் படையெடுத்தார்கள் என்று அந்தக் காலத்தில் ஒருவர் குற்றம் சாட்டியதை ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்து வைத்திருக்கிறார்.

அங்கிருந்து பாறையின் அடிவாரப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்தோம். முழுச் சுற்று ஐந்து கிலோமீட்டர் இருக்கும். இங்கேதான் கிணற்றின் செங்கல்லுக்குப் பதில் கிடைத்தது. டூஃபோ சுமார் ஐம்பது மீட்டர் கனமுள்ள தட்டு. அதன் கீழே பழைய கடல் களிமண். மழைநீர் டூஃபோவுக்குள் புகுந்து இறங்கிக் களிமண்ணில் தடுக்கி நிற்கிறது, அங்கே ஊற்றாகிறது. களிமண்ணை அப்படியே விட்டால் சரியும், அதனால் சுவர். பாறைக்கும் அதே ஆபத்துதான். அடியில் களிமண் ஊறி நழுவினால், மேலே விளிம்பு பிளந்து விழும். 1970களில் பெரிய பெரிய துண்டுகள் விழுந்தன. 1978இல் ஒர்வியேத்தோ பாறைக்காகவும் தோடி என்ற இன்னொரு மலையூருக்காகவும் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டது. எஃகுக் கம்பிகளைப் பாறைக்குள் ஆழச் செலுத்தி, வெடிப்புகளை அடைத்து, மேலே ஊரின் தண்ணீர்க் குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் சீர்செய்தார்கள். ஒரு பாறைக்காக ஒரு சட்டம். நினைக்க நினைக்க எனக்கு மனம் நிறைகிறது.

உழவாரன் குருவிகள் பாறை இடுக்குகளில் கூச்சலிட்டுக்கொண்டு பாய்ந்தன. அத்திச் செடி ஒன்று வெறும் வெடிப்பிலிருந்து முளைத்திருந்தது. அக்கா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

நாலாம் நாள், வெள்ளி

பஸ்ஸில் பான்யோரெஜ்ஜோ என்ற ஊருக்கு, ஒரு மணி நேரத்துக்குள். அங்கிருந்து ஊரைக் கடந்து கடைசி வரை நடந்தால் தரை முடிகிறது. எதிரே, தனியாக நிற்கும் பாறைமேல் சிவித்தா என்ற சிற்றூர்.

அதே டூஃபோ, அதே களிமண். ஆனால் இங்கே இரண்டு பக்கமும் ஓடைகள் களிமண்ணை அரித்து அரித்து, நடுவில் ஒரு துண்டு மட்டும் தீவு மாதிரி நிற்கிறது. சுற்றிலும் சாம்பல் நிறக் களிமண் முகடுகள், கத்தி விளிம்பு போல. கலாங்கி என்கிறார்கள். புல் பூண்டு நிற்க முடியாத சரிவு.

ஊருக்குள் போக 1965இல் கட்டிய நடைபாலம்தான் வழி. தலைக்கு ஐந்து யூரோ கட்டணம். கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். நாலு இடத்தில் நின்று நின்று போனோம். பாறையைக் குடைந்த வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் மனிதத் தலைகளைப் பிடித்திருக்கின்றன. ஒர்வியேத்தோவிலிருந்து வந்து அடக்கியாண்ட மொனால்தெஸ்கி குடும்பத்தை எதிர்த்து ஜெயித்ததன் அடையாளமாம். அந்த ஊரில் மூன்று நாள் தங்கிவிட்டு வருகிற எனக்கு இந்தச் செய்தி கொஞ்சம் குத்தியது.

வாசலைத் தாண்டியதும் ஒரு மாளிகையின் முகப்பு. ஜன்னல்கள் அழகாக இருக்கின்றன. அவற்றின் வழியே தெரிவது வானம். வீடு பின்பக்கமாகப் பள்ளத்தாக்கில் விழுந்துவிட்டது. முன்சுவர் மட்டும் மிச்சம். 1695இல் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு இங்கிருந்த ஆயர் பீடம் பக்கத்து ஊருக்குப் போனது. மக்களும் மெல்ல மெல்லப் போனார்கள். இப்போது நிரந்தரமாகக் குடியிருக்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். பிரான்சிஸ்கன் சபையின் பெரிய இறையியலாளர் புனித பொனவெந்தூர் 13ஆம் நூற்றாண்டில் பிறந்தது இங்கேதான். அவருடைய வீடு இருந்த இடத்தைத் தேடிப் போனோம். விளிம்பும் கொஞ்சம் கல்லும்தான் மிச்சம், மற்றதெல்லாம் காற்று.

இத்தாலியர் இதைச் செத்துக்கொண்டிருக்கும் ஊர் என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் ஜெரானியத் தொட்டிகளுக்கு ஒரு பாட்டி தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பையில் போட்டார். அக்கா தொட்டியைக் காட்டிக் கையாலேயே 'அழகு' என்றாள். அவர் ஒரு கிளையை ஒடித்துக் கொடுத்து, எப்படி நட வேண்டும் என்று சைகையிலேயே விளக்கினார்.

திரும்பும்போது பஸ் போய்விட்டது. பாலத்தில் நான் தாமதப்படுத்தியதுதான் காரணம். அடுத்ததுக்கு இரண்டு மணி நேரம். இந்தப் பக்கம் வருகிறவர்கள் திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், பஸ் கிடைக்காது.

ஐந்தாம் நாள், சனி

போல்சேனா. பாறையைத் தந்த இடத்தைப் பார்க்காமல் போக மனமில்லை.

ஐரோப்பாவின் மிகப் பெரிய எரிமலை ஏரி. 113 சதுர கிலோமீட்டர், ஆழம் 151 மீட்டர். எரிமலைகள் தம் வயிற்றில் இருந்ததையெல்லாம் வெளியே கொட்டிய பிறகு, நிலம் உள்வாங்கி உண்டான பள்ளம் இது. கொட்டியதில் ஒரு பங்குதான் அந்த ஒர்வியேத்தோ. இரண்டு தீவுகள் தெரிந்தன. அவற்றில் மர்த்தானாவில்தான் 535இல் அப்போது இத்தாலியை ஆண்ட ஆஸ்ட்ரோகாத் இனத்து ராணி அமலசுந்தாவைச் சிறை வைத்துக் கொன்றார்கள்.

சாந்தா கிறிஸ்தினா கோயிலில், 1263 திருப்பலியில் இரத்தம் பட்டதாகச் சொல்லும் பளிங்குக் கற்களை வைத்திருக்கிறார்கள். துணி அங்கே, கல் இங்கே. அக்கா இங்கே ரொம்ப நேரம் முழந்தாளிட்டிருந்தாள், முழங்கால் வலியோடு. நான் எழுப்பவில்லை.

மதியம் கொரெகோனே என்ற ஏரி மீன், நெருப்பில் வாட்டி எண்ணெயும் மூலிகையும் தடவியது. முள் குறைவு. அப்புறம் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். மணல் கறுப்பு. தண்ணீர் அவ்வளவு தெளிவு, முழங்கால் ஆழத்திலும் விரல் நகம் தெரிகிறது. அக்கா தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தாள். குளிர்ச்சிக்கு வலி தெரியவில்லை என்றாள். கைப்பையில் ஈரத்துணி சுற்றிய ஜெரானியக் கிளை. அதில் நேற்று இல்லாத ஒரு மொட்டு.